விபத்துக்குப் பிறகு நிற்காமல் வந்துவிட்ட தம்பி: என்ன தண்டனை, இப்போது என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். கணவரின் வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல வருஷமாகிறது. என் தம்பிக்கு 27 வயது. வேலை விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கிறான். போன சனிக்கிழமை இரவு உம்லாங்காவில் அவன் நண்பனுக்கு நிச்சயதார்த்தம். மூன்று பீர் குடித்தானாம். திரும்பும்போது ஹிகின்சன் நெடுஞ்சாலையில் ரோட்டைக் கடந்த ஒருவர் மேல் கார் மோதிவிட்டது. பயத்தில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான். அவருக்குத் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். காரின் நம்பர் பிளேட் அங்கேயே விழுந்துவிட்டது. திங்கட்கிழமை போலீஸ் வந்து, தம்பி வீட்டில் இல்லாததால் ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

என் கணவரின் மாமா, "வண்டியைப் பேனல் பீட்டரிடம் (நசுங்கிய பாகங்களைச் சரிசெய்பவரிடம்) விட்டுவிடுவோம், ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது" என்கிறார். தெரிந்தவர் ஒருவர் 8,000 ராண்ட் கொடுத்தால் டாக்கெட்டே (போலீஸ் வழக்குக் கோப்பே) காணாமல் போகும் என்கிறார். பேசாமல் ஊருக்கு அனுப்பிவிடு என்றும் சிலர் சொல்கிறார்கள். நின்றிருந்தால் ரத்தம் எடுத்திருப்பார்கள், நல்லவேளை வந்துவிட்டான் என்பதுதான் எல்லோருடைய ஆறுதலும். அவனுக்கு எவ்வளவு தண்டனை கிடைக்கும்? விசா போய்விடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே உங்களோடு பேசிவிட்டேன். அன்று அவசரத்தில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் வேறு குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் கார். அதைத் தொடாதீர்கள். பேனல் பீட்டரிடம் விடுவது இருக்கட்டும், கழுவக்கூட வேண்டாம். நசுங்கிய பானெட், உடைந்த ஹெட்லைட், கண்ணாடியில் உள்ள விரிசல் எல்லாமே இப்போது சாட்சியம். போலீஸ் தேடி வந்துபோன பிறகு அதைச் சரிசெய்தால் நீதியின் போக்கைத் தடுத்த குற்றம் தனியாகச் சேரும். அதில் தம்பியோடு மாமாவும் மாட்டுவார், வண்டியை அங்கே கொண்டுபோய் விட்டால் உங்கள் கணவரும் மாட்டுவார்.

அடுத்து மாமாவின் யோசனை. அவர் பாசத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்காது. கார் உங்கள் தம்பியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஓட்டியது யார் என்ற கேள்வி வந்தால், மாற்றுச் சாட்சியம் இல்லாதவரை உரிமையாளரே ஓட்டினார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என இங்குள்ள போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் அவன் காரில் ஏறிக் கிளம்பியதைப் பார்த்திருப்பார்கள். மாமாவின் போன் அந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்று விசாரணை அதிகாரி கேட்டு வாங்கிவிடலாம். வாக்குமூலம் பொய் என்று தெரிந்த மறுநிமிடம், வயதான மனிதர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். தம்பியின் பெயரில் ஏற்கெனவே இருக்கும் வழக்கும் அப்படியே இருக்கும்.

8,000 ராண்ட் விஷயத்தில் நான் கடுமையாகவே பேசியாக வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் 2004-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றவாளிகள். மண்டல நீதிமன்றமே இதற்கு 18 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அதாவது, விபத்துக்கான உச்சத் தண்டனையைப் போல இரண்டு மடங்கு. பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கேட்டு வந்தால் யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? அந்த 'தெரிந்தவர்' இனி உங்கள் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். நல்லவேளை நிற்கவில்லை என்று உங்களைச் சுற்றி எல்லோரும் சொல்கிறார்களே, அந்த ஆறுதலைத்தான் நான் முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் குற்றங்களை எல்லாம் 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம்தான் ஆள்கிறது. குடித்துவிட்டு ஓட்டினால் அபராதம் அல்லது 6 ஆண்டு வரை சிறை. முரட்டுத்தனமாக ஓட்டினாலும் 6 ஆண்டு வரை. வெறும் கவனக்குறைவு என்றால் 3 ஆண்டு வரை. ஆனால் ஒருவர் இறந்த அல்லது பலத்த காயம் அடைந்த விபத்தில், நிற்காமலோ உதவாமலோ போனால் 9 ஆண்டு வரை. குடித்து ஓட்டுவதற்கு உள்ள தண்டனையைவிட, அடிபட்டவரை விட்டுவிட்டுப் போவதற்கு உள்ள தண்டனை அதிகம். சட்டம் எழுதியவர்கள் இதைத் தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். குடித்தவன் ஓடிப்போய் லாபம் அடையக்கூடாது என்பதும், இருட்டு ரோட்டில் கிடக்கும் மனிதருக்கு அந்தச் சில நிமிடங்கள் உயிர் சம்பந்தப்பட்டவை என்பதும்தான் இதற்குக் காரணம். தொடை எலும்பு முறிந்தால் உள்ளேயே நிறைய ரத்தம் போய்விடும். அன்றிரவு வேறு யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த முகம் தெரியாத மனிதரால்தான் உங்கள் தம்பி மேல் இன்று ஒரு மரண வழக்கு இல்லை.

ரத்தம் எடுக்கவில்லை என்பதும் நீங்கள் நினைக்கிற அளவு பெரிய பாதுகாப்பு இல்லை. சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால் வரம்பு. லாரி, டாக்ஸி, பஸ் போன்ற தொழில்முறை அனுமதி வேண்டிய வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கு 0.02. ஓட்டிய 2 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் இந்த அளவு இருந்தால், ஓட்டும்போதும் இருந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். அந்த நேரம் கடந்துவிட்டதால் அளவை வைத்துத் தொடுக்கும் வழக்கு இனி கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போதையின் பாதிப்பில் ஓட்டினான் என்ற குற்றச்சாட்டுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவர்களின் சாட்சியம், மண்டபத்தில் எடுத்த வீடியோ, வண்டி போன விதத்தைப் பார்த்தவர்களின் வாக்குமூலம், இவற்றை வைத்தே அரசுத் தரப்பு முயலலாம். ஆக, அவன் தப்பித்தது நிச்சயமில்லாத ஒரு 6 ஆண்டு வழக்கிலிருந்து. மாட்டிக்கொண்டது அதைவிட எளிதாக நிரூபிக்கக்கூடிய 9 ஆண்டு வழக்கில்.

9 ஆண்டு என்று படித்ததும் பதறாதீர்கள். அது உச்சவரம்பு. முதல் குற்றம், இளம் வயது, தானாக முன்வந்தது, அடிபட்டவர் குணமடைந்துவருவது, செய்ததை ஒப்புக்கொள்வது, இவையெல்லாம் சேர்ந்தால் நீதிபதி அபராதத்தோடோ, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையோடோ முடிக்க வழி இருக்கிறது. சிறையே வராது என்று எந்த வழக்கறிஞராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிபதி கடைசியில் எடைபோடுவது மோதலுக்குப் பிறகு அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதை. சனிக்கிழமை இரவை இனி மாற்ற முடியாது. அதற்குப் பிந்திய நாட்கள் இன்னும் அவன் கையில் இருக்கின்றன.

காயம்பட்டவரின் நிலை மோசமாகி அவர் இறந்துவிட்டால் வழக்கு வேறாகிவிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கொல்லும் எண்ணம் இல்லாமல், கவனக்குறைவால் உயிர் போகக் காரணமாவதை இங்கே கல்ப்பபிள் ஹோமிசைட் என்கிறார்கள். அதற்கு இத்தனை ஆண்டு என்று சட்டத்தில் எழுதிவைக்கவில்லை. நீதிபதிதான் முடிவு செய்வார். 2013 செப்டம்பரில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒரு லாரி வந்து மோதி 24 பேர் இறந்தது டர்பனில் யாருக்கும் மறக்காது. அந்த ஓட்டுநர் இதே குற்றத்துக்காகத்தான் சிறைக்குப் போனார். சில வழக்குகளில் கொலைக் குற்றமே சாட்டுகிறார்கள். 2010-இல் கேப் டவுன் பிளாக்ஹீத்தில், ரயில்வே கேட் மூடிய பிறகும் வரிசையைத் தாண்டிப்போன பள்ளி வேன் ரயிலில் அடிபட்டு 10 பிள்ளைகள் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் ஓட்டுநருக்குக் கொலைக்குற்றமாகவே தீர்ப்பளித்தது. 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கல்ப்பபிள் ஹோமிசைடாக மாற்றி 8 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. உயிர் போகலாம் என்று தெரிந்தும், போனால் போகட்டும் என்று ஓட்டினாரா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. உங்கள் தம்பியின் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும், உதவியில்லாமல் விட்டுவந்த ஒருவர் இறந்துபோனால் நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது அவன் செய்ய வேண்டியது.

நாளைக்கே ஒரு கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா அலுவலகம் டர்பனிலேயே இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து, தகுதி இருந்தால் இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவார்கள். வழக்கறிஞரே விசாரணை அதிகாரிக்குப் போன் செய்து, எப்போது அழைத்துவருகிறேன் என்று நேரம் சொல்லட்டும். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸிடமோ போக்குவரத்து அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு ஞாயிற்றுக்கிழமை இரவோடு போய்விட்டது. அதற்காக இனி போய் என்ன பயன் என்று உட்கார்ந்துவிடக்கூடாது. தேடிப்பிடித்துக் கைதுசெய்யப்பட்டவனுக்கும், வழக்கறிஞரோடு தானாக நடந்து வந்தவனுக்கும் ஜாமீன் விஷயத்தில் உள்ள வித்தியாசத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொன்னாலும், வார இறுதி குறுக்கே வந்தால் அடுத்த வேலைநாள் வரை லாக்கப்பில் இருக்க நேரிடும். திங்கள் முதல் புதன் வரை, காலை நேரமாகப் பாருங்கள்.

நிலையத்தில் பெயர், முகவரி, வண்டி எண், ஓட்டியது நான்தான் என்பது, இவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். எவ்வளவு குடித்தாய், ஏன் நிற்கவில்லை, என்ன வேகம் என்ற கேள்விகளுக்கு வழக்கறிஞரோடு ஆலோசிக்காமல் பதில் சொல்லத் தேவையில்லை. மௌனமாக இருக்கும் உரிமை வேலை விசாவில் இருப்பவருக்கும் உண்டு. பொய் மட்டும் வேண்டாம். சொல்லாமல் விட்டதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பொய்யாகச் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்று. அபராதம் கட்டிவிட்டு இப்போதே கிளம்பலாம் என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடக்கூடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அந்த அபராதம், நீதிமன்றமே குற்றவாளி என்று தீர்ப்பளித்ததற்குச் சமம். சில நூறு ராண்டோடு போச்சு என்று நம் ஆட்கள் எத்தனையோ பேர் கட்டிவிட்டு, வருஷங்கள் கழித்துப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும்போது அதில் குற்றம் பதிவாகியிருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். இதுதான் உங்கள் விசா கேள்விக்கும் நெருக்கமான விஷயம். வழக்கு நடக்கிறது என்பதற்காக இன்றைய விசா தானாக ரத்தாகாது. ஆனால் தண்டனை பதிவானால், அடுத்த விசாவுக்கோ நிரந்தரக் குடியிருப்புக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழில் அது நிற்கும். 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட சிறை போன்ற தண்டனைகளை 10 ஆண்டுகள் கழித்துப் பதிவிலிருந்து நீக்கக் கேட்கலாம். அதுவரை அது கூடவே வரும்.

ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பவர்களிடம் சொல்லுங்கள்: பிடிவாரண்ட் பிறந்துவிட்டால் அது காத்திருக்கும். இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே 2003-இல் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. அதைவிட நடைமுறைச் சங்கடம், இருபத்தேழு வயதில் அவன் இந்த நாட்டுப் பக்கமே திரும்பிவர முடியாது என்பது.

ஓட்டுநர் உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பலத்த காயம் ஏற்பட்ட விபத்தில் நிற்காமல் போனது நிரூபணமானால் முதல் முறைக்குக் குறைந்தது 6 மாதம், இரண்டாம் முறை 5 ஆண்டு, மூன்றாம் முறை 10 ஆண்டு உரிமம் நிறுத்தப்படும். முரட்டுத்தனமாக ஓட்டியதற்கும் குடித்து ஓட்டியதற்கும் இதே கணக்குதான். ஊருக்குள் வேக வரம்பைவிட 30 கிலோமீட்டருக்கு மேலும், வெளியே 40-க்கு மேலும் போனவர்களுக்கும் இது பொருந்தும். குற்றத்தோடு தொடர்புடைய தக்க காரணத்தைச் சத்தியப் பிரமாணத்தோடு காட்டினால் நீதிபதி தளர்த்தலாம். வேலைக்குப் போக கார் வேண்டும் என்பது மட்டும் போதாது.

கடைசியாக, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அந்த மனிதர். உங்கள் கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அவர் தினக்கூலிக்குப் போகிறவராக இருந்தால், கால் கூடும் மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பெட்ரோலுக்கு நாம் கொடுக்கும் வரியிலிருந்து இயங்கும் சாலை விபத்து நிதியத்திடம் அவர் இழப்பீடு கேட்கலாம். மோதியவரோ வண்டியின் உரிமையாளரோ யார் என்று தெரிந்தால் அவருக்கு 3 ஆண்டு அவகாசம். தெரியாவிட்டால் 2 ஆண்டுதான், கேட்பதும் நிரூபிப்பதும் இன்னும் கஷ்டம். உங்கள் தம்பி ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்தின் அலைச்சலைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் காயங்களுக்கான இழப்பீட்டை அவர் நிதியத்திடம்தான் கேட்க முடியும், நேரடியாக ஓட்டுநர் மேல் வழக்குப் போட 2008-இலிருந்து சட்டம் இடம் தரவில்லை. ஆனால் விபத்துக்குப் போதை ஒன்றே காரணம் என்று தெரிந்தால், நிதியம் கொடுத்த பணத்தை ஓட்டுநரிடமிருந்து திரும்பக் கேட்கலாம். வழக்கறிஞரிடம் இதையும் பேசிக்கொள்ளுங்கள்.

அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றத்தான் வேண்டும். ஆனால் பழக்கூடையோடு நேராகப் போய் நின்றால் சாட்சியைக் கலைக்க வந்தீர்கள் என்று ஆகிவிடும், ஜாமீனும் அதனால் போகலாம். வழக்கறிஞர் மூலம், விசாரணை அதிகாரிக்குத் தெரிவித்து, குடும்பத்துக்கு என்ன தேவை என்று கேளுங்கள். செய்கிற உதவிக்குப் பதிலாக வழக்கை விடும்படி ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. மருந்துச் செலவோ, வீட்டு வாடகையோ, கொடுப்பதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தண்டனை பற்றி வாதாடும்போது வழக்கறிஞர் அதை நீதிபதி முன் வைக்கலாம். அப்படி ஒரு பயன் இல்லாவிட்டாலும் செய்யச் சொல்வேன்.

மற்ற வாசகர்களுக்கும் இரண்டு விஷயம். வழிமறிப்புச் சோதனையில் ஊதவோ ரத்தம் கொடுக்கவோ மறுப்பதே தனிக் குற்றம். அதற்கும் 6 ஆண்டு வரை உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தற்காலிகமாக விலக்கினால், விடுதலை ஆகிவிட்டதாக எண்ணி இனிப்பு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முடிவு வந்ததும் சம்மன் வீடு தேடி வரும், மாதங்கள் கழித்தும் வரும். அதற்குள் வீடு மாறியிருந்தால் புதிய முகவரியைத் தெரிவித்துவிடுங்கள். சம்மன் கைக்கு வராமல் ஆஜராகத் தவறியவர்கள் விமான நிலையத்தில் வாரண்டோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சகோதரி, வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது தம்பியின் பாஸ்போர்ட், விசா, ஓட்டுநர் உரிமம், காரின் பதிவுத் தாள், இன்சூரன்ஸ் பாலிசி, போலீஸ் கொடுத்துவிட்டுப் போன அந்த நம்பர் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வழக்கறிஞர் சொல்கிறபடி மட்டும் தெரிவியுங்கள். அவனுடைய போனில் இருக்கும் படங்களையோ மெசேஜ்களையோ அழிக்க விடாதீர்கள். கார் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். வேலைக்கு அவன் பஸ்ஸில் போகட்டும்.